டப்பாவின் பின்பக்கம்: கொலாஜன் தூளும் தடம் மாறிய ஓர் இரத்தப் பரிசோதனையும்

அவருக்கு வயது 49. பள்ளி ஆசிரியை. ஆறு மாதங்களாக நாள் தவறாமல், தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனின் தூளைத் தண்ணீரில் கலந்து குடித்துவந்தார். என்னிடம் வந்தது முடி உதிர்கிறது என்பதற்காக. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் கைபேசியில் இரண்டு படங்களை எடுத்துக் காட்டினார். "முடியை அப்புறம் பார்க்கலாம் டாக்டர். முதலில் இதைப் பாருங்கள். முகம் மாறியிருக்கிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?"

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. இடையில், இல்லாத ஒரு நோய்க்கு அவர் மாத்திரை விழுங்கத் தொடங்கும் நிலைவரை போய்த் திரும்பினோம். அதில் என் பங்கும் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். அவர் சம்மதம் தந்திருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டு படங்கள்

முதல் படத்தில் கண்ணோரத்திலிருந்து நெற்றிப்பொட்டுவரை மூன்று கோடுகள் தெளிவாக ஓடின. மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை இறங்கும் மடிப்பு ஆழமாகத் தெரிந்தது. இரண்டாவது படத்தில் கோடுகள் மங்கியிருந்தன. மடிப்பு நிரம்பியதுபோல் இருந்தது. யார் பார்த்தாலும் தூள் வேலை செய்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

படத்தைப் பெரிதாக்கி அவருடைய கருவிழியைப் பார்த்தேன். முதல் படத்தில் கருவிழியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைச் செவ்வகம்: அது ஜன்னல். இரண்டாவது படத்தில் நட்டநடுவே ஒரு வெள்ளை வளையம். மகள் வாங்கிவைத்திருந்த வளைய விளக்கு அது என்று அவரே சொன்னார். பக்கவாட்டில் விழும் வெளிச்சம் ஒவ்வொரு சுருக்கத்தின் பள்ளத்திலும் நிழலை நிரப்பிக் காட்டும். முகத்துக்கு நேராக விழும் வெளிச்சம் அந்த நிழலைத் துடைத்துவிடும். அதே முகம், அதே நாள், அதே மணி நேரத்திலேயே இந்த இரண்டு படங்களையும் எடுத்துவிடலாம். நம்பிக்கை வராதவராய் அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கைபேசியிலேயே ஒரு படம் எடுத்துக் காட்டினேன். மூன்று கோடுகளும் திரும்பி வந்திருந்தன. அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது அதைச் செய்திருக்க வேண்டாமோ என்று எனக்கே தோன்றியது.

ஆனால் மாற்றம் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியவில்லை. கன்னத்தைத் தொட்டால் வறட்சி இல்லை. முன்பெல்லாம் முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கும், இப்போது அப்படி இல்லை என்றார். அப்படியானால் இந்த ஆறு மாதத்தில் வேறு என்னவெல்லாம் மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வறண்ட பருவத்தில் தொடங்கியவர் ஈரக்காற்று வீசும் பருவத்துக்கு வந்திருந்தார். இரண்டாவது மாதத்தில் தங்கை சொன்னாள் என்று இரவில் ஈரப்பசைக் களிம்பு பூச ஆரம்பித்திருந்தார். தூள் கலக்குவதற்காகத் தினமும் காலையில் ஒரு பெரிய குவளைத் தண்ணீர் சேர்ந்திருந்தது. முகத்தில் அக்கறை வந்ததால் முகம் கழுவச் சோப்பைத் தொடுவதையும் நிறுத்தியிருந்தார். இத்தனையும் சேர்ந்து ஒரு முகத்தில் நடந்திருக்கும்போது, நன்மையெல்லாம் தூளின் கணக்கில் மட்டும் எழுதப்பட்டுவிட்டது. விலை கொடுத்து வாங்கிய பொருள் அதுதான் என்பதால் கண் இயல்பாகவே அங்கே போய் நிற்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். இடக் கன்னத்தில் புள்ளிகளும் நுண்ணிய சுருக்கங்களும் வலக் கன்னத்தைவிட அதிகம். விசாரித்தால், இருபது ஆண்டுகளாக அவர் விடைத்தாள் திருத்தும் மேசை ஜன்னலை ஒட்டியது, ஜன்னல் இடப்பக்கம். சரக்கு வண்டி ஓட்டிய ஒரு முதியவரின் படத்தை, 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானதை, தோல் மருத்துவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 69 வயது, 28 ஆண்டுகள் வண்டியில். ஜன்னல் பக்கமிருந்த இடப்பாதி முகம் மட்டும் தடித்து, வரி வரியாய் மடிந்து, வேறொரு கிழவரின் முகத்தை ஒட்டவைத்ததுபோல் இருக்கும். புற ஊதாக் கதிர்களில் 'ஏ' வகை கண்ணாடியை ஊடுருவி உள்தோல்வரை இறங்குகிறது. அங்கே கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. ஆசிரியையின் கன்னத்தில் இருந்தது அதன் மெல்லிய வடிவம்.

நான் கேட்காமல் விட்டது

முடி உதிர்வுக்கு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். மாதவிடாய் ஓராண்டாக முறை தவறி வந்து, கடைசியாக ஏழு மாதங்களுக்கு முன் வந்து நின்றிருந்தது. தூக்கம் குறைவு. திடீர் திடீரென்று உடம்பில் வெப்பம் ஏறி வியர்க்கும். எப்போதாவது படபடப்பு. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்றதற்கு "ஒன்றும் இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தூள் அவருக்கு மருந்தல்ல. எனக்கும் அந்த நேரத்தில் அது மருந்தாகப் படவில்லை. பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தும், கொலாஜன் என்றால் கொலாஜன்தானே என்று விட்டுவிட்டேன். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லவில்லை.

இரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்: ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. வந்த அறிக்கையில் டி.எஸ்.எச்., அதாவது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், 0.06. தைராய்டு மிகுந்தால் இது குறையும். இயல்பு அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான கட்டற்ற டி4 இயல்பின் மேல் எல்லையைத் தாண்டி ஒன்றரை மடங்குக்கு மேல் போயிருந்தது. காகிதத்தில் பார்த்தால் இது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நிலை. முடி உதிர்வு, தூக்கமின்மை, வியர்வை, படபடப்பு எல்லாம் அதனோடு அச்சாகப் பொருந்தின. பொது மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் தைராய்டு ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருளையும் சோதித்தார். அதுவும் மிகுந்திருந்தது. அந்த எதிர்ப்பொருளே தைராய்டை மிகையாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோய் என்று முடிவுசெய்து, தைராய்டை அடக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கைகள் கையில் இருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

மாத்திரையை வாங்கும் முன் அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. "இந்த மாத்திரையோடு சேர்த்துத் தூளையும் குடிக்கலாமா?" என்று கேட்க வந்தார். கேட்டுக்கொண்டே பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் கொலாஜன். திருப்பினேன். ஒரு வேளை அளவில் நீராற்பகுத்த (சிறு துண்டுகளாக உடைத்த) கொலாஜன் 10 கிராம், வைட்டமின் சி, ஹயலுரானிக் அமிலம், கடைசி வரியில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் 10,000 மைக்ரோகிராம். வயதுவந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம். முந்நூறு மடங்குக்கும் மேல்.

நாடி பிடித்தேன், நிமிடத்துக்கு 76. கைகளை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு தாளை விரித்து வைத்தேன். தைராய்டு உண்மையிலேயே பொங்கி வழிகிறவர்களுக்குத் தாளின் ஓரம் இலைபோல் நடுங்கும். இவருக்குத் தாள் அசையாமல் கிடந்தது. கழுத்தில் வீக்கம் இல்லை. எடை ஒரு கிலோ கூடியிருந்தது. உடம்பு ஒன்று சொல்ல, காகிதம் வேறொன்று சொன்னது.

பயோட்டின் எப்படிக் கணக்கைக் கெடுக்கிறது

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பயோட்டின் விழுங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது.

ஆய்வகங்கள் பலவற்றில் ஹார்மோன் சோதனை நடக்கும் முறை இது. எதிர்ப்பொருளின் வாலில் பயோட்டினைக் கட்டி, எடுத்த இரத்த மாதிரியில் விடுவார்கள். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணிகள் பயோட்டினைக் கண்டால் விடாமல் கவ்விக்கொள்ளும். மணிகளில் ஒட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழுவிவிட்டு, மிஞ்சியதில் சேர்த்திருக்கும் ஒளிரும் குறியின் ஒளியை அளப்பார்கள். நோயாளியின் இரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பியிருந்தால், மணிகளின் இடத்தை அது முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அளக்க வேண்டிய எதிர்ப்பொருள் ஒட்ட இடமின்றிக் கழுவப்பட்டுப் போய்விடும். ஒளி குறையும்.

டி.எஸ்.எச். சோதனையில் ஒளி குறைந்தால் ஹார்மோன் குறைவு என்று கருவி எழுதும். கட்டற்ற டி4 சோதனையின் அமைப்போ தலைகீழ்: அங்கே ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று பொருள். ஏற்பி எதிர்ப்பொருள் சோதனையும் இரண்டாவது வகை. ஆக, ஒரே பிழை மூன்று சோதனைகளில் மூன்று பொய்களைச் சொல்லி, மூன்றும் சேர்ந்து அச்சு அசலாக ஒரு நோயை வரைந்துவிடுகிறது. பிழைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். எல்லாக் கருவிகளிலும் இப்படி நடப்பதில்லை. பல நிறுவனங்கள் தங்கள் சோதனைகளைத் திருத்தியும் விட்டன. ஆனால் எந்த ஆய்வகத்தில் எந்தக் கருவி என்பது நோயாளிக்கும் தெரியாது, பெரும்பாலும் மருத்துவருக்கும் தெரியாது.

இதை அரிய வேடிக்கை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் சோதனை பயோட்டினால் பொய்யாகக் குறைத்துக் காட்டியதில் ஓர் உயிர் போனதாக அதில் குறிப்பிட்டிருந்தது. தைராய்டு சோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாள் பயோட்டினை நிறுத்தும்படி அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்கிறது.

நாங்கள் ஒரு வாரம் நிறுத்தினோம். மாத்திரையைத் தொடங்க வேண்டாம் என்று பொது மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். டப்பாவின் கடைசி வரியைப் படித்துக் காட்டியதும் ஒரு நொடி மௌனமாக இருந்தார். பிறகு, "நல்லவேளை. மறுபடி எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்றார். எட்டாம் நாள் காலை எடுத்த இரத்தத்தில் டி.எஸ்.எச். 2.3, கட்டற்ற டி4 இயல்பு, எதிர்ப்பொருள் இல்லை. ஃபெரிட்டினும் பயோட்டினால் பாதிக்கப்படக்கூடிய சோதனை என்பதால் அதையும் திரும்ப எடுத்தோம். அது மட்டும் உண்மையிலேயே குறைவாக இருந்தது. முடி உதிர்வுக்கு அந்த இரும்புக் குறைவே போதிய காரணம். பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அதைக் கொடுத்தால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. இருந்தும் 'தோல், முடி, நகம்' என்று எழுதிய டப்பாக்களில் அது தவறாமல் ஏறிக்கொள்கிறது.

சரி, கொலாஜன்?

அவருடைய முதல் கேள்வி அப்படியேதான் நின்றது. வயிற்றுக்குள் போன கொலாஜன் முகத்துக்கு வருமா?

"எல்லாம் செரித்துப்போகும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போகிற மருத்துவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் சொன்னேன். அது முழுக்கச் சரியல்ல. கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய கயிறு. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அந்த அமைப்பை முன்வைத்தார்கள். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் மூன்று இழைகளும் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தாது. இந்தக் கயிறு முழுதாகக் குடல் சுவரைத் தாண்டாது என்பது உண்மை. ஆனால் தூளில் இருப்பது ஏற்கெனவே நறுக்கிய துண்டுகள். அவற்றைக் குடல் மேலும் நறுக்கும்போது, புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்த இரட்டைத் துண்டு ஒன்று உடையாமல் தப்பி இரத்தத்துக்கு வருகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் மனித இரத்தத்திலேயே அதை அளந்து காட்டினார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த எலியின் தோல் செல்களை அந்தத் துண்டு தூண்டியதையும் பார்த்திருக்கிறார்கள். கொலாஜன் சிதைந்துகிடக்கிறது, புதிதாகச் செய் என்று செல் அதைப் புரிந்துகொள்கிறது என்பது கருதுகோள். அழகான கருதுகோள்தான். தட்டில் நடப்பது ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு நடக்கிறதா என்பது தனிக் கேள்வி.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் நிறைய இருக்கின்றன. அதிகம் காட்டப்படுவது 2014இல் வந்த ஒன்று: 45 முதல் 65 வயதுவரையான 114 பெண்கள், நாளுக்கு 2.5 கிராம், எட்டு வாரம். மருந்துப்பொருள் ஏதுமற்ற போலித் தூள் குடித்தவர்களோடு ஒப்பிட்டால் கண்ணோரச் சுருக்கத்தின் கன அளவு 20 விழுக்காடு குறைந்தது. ஆசிரியை இந்த எண்ணை ஏற்கெனவே படித்திருந்தார். "இருபது விழுக்காடு என்றால் ஐந்தில் ஒரு பங்கு அல்லவா டாக்டர்?" என்றார். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கன அளவை அளப்பது கருவி. மில்லிமீட்டரின் மிகச் சிறிய பின்னங்களில் அளக்கிறது. கண்ணாடி முன் நிற்கிற மனிதருக்கோ எதிரே உட்கார்ந்திருக்கும் தோழிக்கோ அது தெரியுமா என்பது அந்த எண்ணில் இல்லை. தோலின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியும் அப்படியே. அறையின் ஈரக்காற்றும் அன்று காலை பூசிய களிம்பும் அதன் முள்ளை நகர்த்திவிடும்.

என் மனத்தை மாற்றியது 2025இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு. கொரிய ஆய்வாளர்கள் இருவர் 23 சோதனைகளை, 1,474 பேரின் முடிவுகளை, ஒன்றாகக் கூட்டினார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஈரப்பதம், நெகிழ்வு, சுருக்கம் மூன்றிலும் கொலாஜனுக்கு வெற்றி. பிறகு யார் பணத்தில் நடந்த சோதனை என்று பிரித்தார்கள். நிறுவனப் பணம் பெறாத சோதனைகளில் மூன்றுமே மறைந்தன. தரம் உயர்ந்த சோதனைகளை மட்டும் எடுத்தபோதும் மறைந்தன. பணத்தையும் தளர்ந்த முறையையும் கழித்தால் மிஞ்ச வேண்டியது மருந்தின் குணம் அல்லவா? மிஞ்சவில்லை. நிறுவனம் பணம் கொடுத்தது என்பதாலேயே ஒரு சோதனை பொய்யாகிவிடாது. மருந்துகள் பெரும்பாலும் அப்படித்தான் சோதிக்கப்படுகின்றன. ஆனால் மருந்துக்கு அனுமதி வழங்கும் அமைப்பு ஒன்று அந்தத் தரவைப் பிரித்து மேய்கிறது. சத்துத் தூளுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டமே கிடையாது. அப்படி ஒருமுறை பிரித்துப் பார்த்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013இல், ஒரு கொலாஜன் தயாரிப்புக்கும் தோல் நெகிழ்வுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று முடித்தது.

இதனால் கொலாஜன் வேலையே செய்யாது என்று நிரூபணமாகிவிட்டதாக நான் சொல்லவில்லை. விளம்பரம் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்பதே என் தீர்ப்பு. ஒருவர் தெரிந்தே வாங்கிக் குடித்தால் கொலாஜனால் பெரிய தீங்கு வருவது அரிது. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் அது எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும்: ஹைட்ராக்சிபுரோலின் உடலில், கல்லாக உறையக்கூடிய ஆக்சலேட்டாகவும் மாறுகிறது, கூடவே வைட்டமின் சி அதிகமிருந்தால் அதுவும் அதே வழியில் சேர்கிறது. புரதத்துக்காகக் குடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொலாஜனில் டிரிப்டோபன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை. முழுப் புரதமாக அதைக் கணக்கிட முடியாது.

பிறகு செய்தது

தூளை நிறுத்தியபோது ஒன்றும் மூன்று மாதம் கழித்து ஒன்றுமாக மறுபடி படம் எடுத்தோம். இம்முறை என் அறையில், ஒரே நாற்காலி, ஒரே விளக்கு, தரையில் ஒட்டிய நாடாவில் அவர் கால் விரல்கள். களிம்பும் சோப்பைத் தவிர்ப்பதும் தொடர்ந்தன. நிறுத்தியபோது எடுத்த படத்தையும் மூன்றாம் மாதப் படத்தையும் அருகருகே வைத்தபோது எனக்கும் அவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. முகம் கழுவியபின் இழுத்துப் பிடிக்கும் உணர்வும் திரும்பவில்லை. ஒரே ஒருவரிடம் நடந்ததை வைத்து ஊருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அவருடைய முகத்துக்கு அது போதும் என்று அவரே சொன்னார்.

மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோல் தன் கொலாஜனில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை இழக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அவர் அந்த ஆண்டுகளின் வாசலில் நின்றார். இருப்பதைக் காப்பதே முதல் வேலை. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த சோதனை 2013இல் வெளியானது. விருப்பம்போல் சன்ஸ்கிரீன் பூசியவர்களைவிடத் தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவு. அதே சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் ஒட்டுமொத்தப் பயன் தெரியவில்லை. பூசியது வென்றது, விழுங்கியது வெல்லவில்லை. இதைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குள்ளேயும் பூச வேண்டுமா?" என்பது. அந்த மேசையை நகர்த்த முடியுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். மறுவாரமே நகர்த்திவிட்டார்.

இரவில் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின் களிம்பு, குறைந்த செறிவில், ஒன்றுவிட்டு ஒரு நாள். முதல் மூன்று வாரம் சிவந்து உரிந்தது. விட்டுவிடலாமா என்று இருமுறை கேட்டார். கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு இதை எழுதும் முன் நாங்கள் கவனமாகக் கேட்டுக்கொள்வோம். சில மாதங்களாக மாதவிடாய் வராதது மட்டும் அதற்கு உத்தரவாதமல்ல என்பதால் அவரிடமும் கேட்டேன். எட்டாம் மாதப் படத்தில் கண்ணோரக் கோடுகளில் மெல்லிய இரண்டும் இளகியிருந்தன. மூன்றாவது அப்படியே இருந்தது. மூக்கோர மடிப்பில் மாற்றமில்லை. எந்தக் களிம்பும் அதை நிரப்பாது என்று முன்பே சொல்லியிருந்தேன். இரும்பு மாத்திரை தொடங்கிய ஐந்தாம் மாதத்தில் சீப்பில் வரும் முடி பாதியாகிவிட்டது என்றார்.

என் பதிவுத் தாளில் "வேறு மருந்துகள்" என்றிருந்த கட்டத்தை மாற்றிவிட்டேன். இப்போது அங்கே "தூள், மாத்திரை, பானம், முடிச் சத்து: டப்பாவோடு வரவும்" என்று அச்சிட்டிருக்கிறது.

சென்ற மாதம் அவர் வந்தபோது கூடவே தங்கையும் வந்திருந்தார். களிம்பு பூசச் சொன்ன அதே தங்கை. ஆசிரியை பேசத் தொடங்கும் முன்பே தங்கையின் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, பின்பக்கம் என்னைப் பார்க்கும்படி மேசையில் வைத்தார். அவர் விரல் கடைசி வரியில் இருந்தது: பயோட்டின் 5,000 மைக்ரோகிராம். "இவளுக்கு அடுத்த வாரம் தைராய்டு சோதனை டாக்டர்," என்றார். "இன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டேன்."